ஏழு இல்லாத பீங்கான்

பீங்கானின் அடி வழுவழுவென்று இருந்தது.

சுஹறா கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விரலை ஓட்டிப் பார்த்தாள். வளையம் முழுக்க ஒரே வழுவழுப்பு. பஸாரில் நேற்று வாங்கிய சோற்றுக்கோப்பை மாதிரி.

அப்படி இருக்கக் கூடாது. அந்தச் சீனப் பீங்கானின் அடியில் சூளை மணல் ஒட்டியிருக்கும். கழுவும்போதெல்லாம் விரலைப் பிறாண்டும். மேசை விரிப்பில் வைத்தால் நூல் இழுபடும். அதற்காகவே அதை ஒரு பழைய துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாள். துவாய் அதேதான். உள்ளே இருந்த பீங்கான்தான் வேறு.

நிமிர்த்திப் பார்த்தாள். நாலு பேர் சுற்றியிருந்து சோறு தின்னக்கூடிய அகலம். வெள்ளையில் நீலம். விளிம்பைச் சுற்றி குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனம். நடுவில் ஒன்பது கட்டம். கட்டத்துக்கு ஒன்றாக அறபு எண்கள். எல்லாம் இருந்தன. நீலம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது.

"உம்மா, பீங்கான் எடுத்தாச்சா?" உள்ளே இருந்து மகள் பஸ்மினா கேட்டாள்.

"ஓம் மகள். தூசி துடைக்கிறன்" என்றாள் சுஹறா. பீங்கானைத் துவாயால் மூடினாள்.

அந்தப் பீங்கான் கல்முனைக்குடியில் பேர்போனது. சுஹறாவின் தாய்வழியில் பெண்ணுக்குப் பெண் கைமாறி வந்தது. ஏழாம் மாதம் ஆன பெண்ணுக்கு அதில் தண்ணீர் ஊற்றி, ஓதி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். பிரசவம் லேசாகும் என்பது நம்பிக்கை. பக்கத்துத் தெருக்களில் எத்தனையோ பிள்ளைகளின் வரவுக்கு முன்னால் அந்தத் தண்ணீர் போயிருக்கிறது.

இப்போது பஸ்மினாவுக்கே ஏழாம் மாதம். முன்பு இரண்டு தரம் ஏழாம் மாதம் வரை வந்து, அந்தத் தண்ணீரும் குடித்து, இரண்டும் தங்காமல் போன பெண். இந்த முறை வயிற்றைத் தொட்டாலே சுஹறாவுக்குக் கை கூசியது. வெள்ளிக்கிழமை சொந்தக்காரப் பெண்கள் வருவதாக ஏற்பாடு. அதற்காகத்தான் இன்று பீங்கானை வெளியே எடுத்தாள்.

யார் மாற்றியது?

அலுமாரிப் பூட்டு உடையவில்லை. வெளியாள் வரவில்லை. வீட்டில் சுஹறாவைத் தவிர மூன்று பேர். கணவர் அப்துல் ஸமட், பாடசாலையில் அறபு படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவரை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. மகள் வயிற்றுப் பிள்ளைக்காரி. மிச்சம் மருமகன் றிஸ்மி.

சம்மாந்துறைப் பெடியன். கல்முனை பஸாரில் கைபேசிக் கடை. கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம். குற்றம் சொல்லும்படி எதுவும் செய்ததில்லை. அதுவே இப்போது சுஹறாவுக்குச் சந்தேகமாகத் தெரிந்தது. இவ்வளவு நல்ல பிள்ளையாக ஒருவன் எதற்கு இருக்க வேண்டும்?

அவளுக்குப் போன நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை நினைவுக்கு வந்தது. றிஸ்மி கொழும்பில் இருந்து ஒரு மனிதரைக் கூட்டி வந்தான். பழைய பீங்கான்களைப் பற்றி ஆராய்கிறவர் என்றான். மண்டபத்து வெளிச்சத்தில் பீங்கானை வைத்தார்கள். வந்தவர் முதலில் அதைக் கவிழ்த்தார்.

ஆயத்தைப் பார்க்க முன்னம் அடியைப் பார்த்த மனிதன்! அப்போதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இது சீனாவில செஞ்சது. ஆனா சீனாக்காரனுக்குச் செஞ்சதில்ல" என்று அவர் விளக்கினார். "முஸ்லிம் துறைமுகங்கள்ல விக்கிறதுக்கெண்டே அனுப்பினது. எழுதினவனுக்கு அறபு ஒரு எழுத்தும் தெரிஞ்சிருக்காது. மாதிரியப் பார்த்துப் படம் கீறுற மாதிரி கீறியிருக்கான்."

அப்துல் ஸமட் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். றிஸ்மி கைபேசியில் மேலும் கீழுமாகப் படம் எடுத்தான். அதற்குப் பிறகு அவனுக்கு அடிக்கடி அழைப்பு வந்தது. வந்தால் தெருவாசல் படலையடிக்குப் போய்த்தான் கதைப்பான்.

படலையடியில் என்ன கதை?

அன்று முற்பகல், பஸ்மினா கிளினிக்குக்குப் போனதும், சுஹறா மருமகனின் அறைக்குள் நுழைந்தாள். நாலு வருடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. சட்டைகளைத் தூக்கிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டி. அதற்குள் குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தாள், ஒரு பீங்கானைச் சுற்றக்கூடிய அளவுக்கு. கடைக்குக் கைபேசி வரும்போது அதில்தான் சுற்றி வரும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் நெஞ்சு வேறு விதமாகக் கணக்குப் போட்டது.

பகல் சாப்பாட்டுக்கு றிஸ்மி வந்தான். சோறு போட்டாகிவிட்டது. அப்துல் ஸமட்டும் இருந்தார். சுஹறா பீங்கானைக் கொண்டுவந்து மேசையில், கறிச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மருமகன், தின்ன முன்னம் ஒரு கதை."

"சொல்லுங்க மாமி."

"பீங்கான் எங்க?"

றிஸ்மி மேசையைப் பார்த்தான். மாமியைப் பார்த்தான். "இந்தா இரிக்கே."

"இது அது இல்ல. அடியத் தடவிப் பாருங்க. மணல் இல்ல."

"சுஹறா, புள்ளய சாப்பிட உடு" என்றார் அப்துல் ஸமட், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க சும்மா இரிங்க. மருமகன், கொழும்பு மனிசன் இத வெலைக்குக் கேட்டானா இல்லையா?"

றிஸ்மி பதில் சொல்லக் கொஞ்சம் பிந்தினான். அந்தப் பிந்தல் போதும் அவளுக்கு.

"கேட்டார்" என்றான்.

"நீங்க என்ன சொன்ன?"

"வீட்டாக்களோட கதைச்சுத்தான் சொல்லுவன் எண்டன்."

"கதைச்சீங்களா?"

"இல்ல மாமி. புள்ள கிடைச்ச பொறவு கதைப்பம் எண்டு இருந்தன்."

"அப்ப விக்கிற நோக்கம் மனசுக்குள்ள இருந்திருக்கு."

"நோக்கமும் களவும் ஒண்டா மாமி? நான் கேக்கத்தான் இருந்தன். எடுக்கல்ல. வல்லாஹி எடுக்கல்ல."

"கட்டிலுக்குக் கீழ பெட்டி என்னத்துக்கு?"

றிஸ்மியின் முகம் மாறியது. "அறைக்குள்ள போனீங்களா?"

கிளினிக்கிலிருந்து திரும்பியிருந்த பஸ்மினா கதவடியில் வந்து நின்றாள். "உம்மா, என்ன கதைக்கிறீங்க?"

"நீ உள்ளுக்குப் போ. மருமகன், பீங்கான் வரட்டும். பொறவு இந்த வீட்டுல சோறு தின்னலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. றிஸ்மி தொடாத சோற்றுக்கு முன்னால் இருந்து எழும்பினான். சாப்பிட்டவன் மாதிரியே கைகழுவினான். ஹெல்மெட்டை எடுத்தான். பஸ்மினாவிடம் மட்டும், "மருந்தக் குடிச்சிடு" என்றான். மோட்டார் சைக்கிள் சத்தம் தெரு முடியும் வரை கேட்டது.

இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பான். அவனுடைய மோட்டார் சைக்கிள் இரண்டு இரவு படலைக்குள் நிற்காவிட்டால் தெருவுக்கே விளங்கிவிடும்.

மறுநாளே முன்வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னகா சுஹறா, மருமகன் வெளிநாடு போயிட்டாரோ? சொல்லவே இல்ல."

"உம்மாக்குச் சுகமில்லயாம், பார்க்கப் போயிருக்கார்."

"ஆ... நாலு வருசமா நல்ல சுகமா இருந்த மனிசி. அல்லாஹ் லேசாக்கட்டும்" என்று அவள் சிரித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

பஸ்மினா உம்மாவோடு கதைக்கவில்லை. சோறு போட்டால் தின்றாள். மருந்தைக் குடித்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படலையைப் பார்த்தபடி இருந்தாள். ஏழாம் மாதத்தில் புருசன் வீட்டை விட்டு இறங்கினால் அந்தப் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும், பிள்ளை பிறந்து காதில் பாங்கு சொல்ல யார் வருவது? சுஹறாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் கள்ளனை எப்படிக் கூப்பிடுவது?

வியாழன் காலையில் பஸ்மினா கைபேசியோடு சமையலறைக்கு வந்தாள்.

"இதப் பாருங்க உம்மா. அவர் அனுப்பியிருக்கார். அண்டைக்கு எடுத்த படம்."

"படத்த வச்சு என்ன செய்ய?"

"பாருங்க எண்டு சொல்றன்."

படத்தில் பழைய பீங்கானின் நடுக்கட்டம் பெரிதாகத் தெரிந்தது. பஸ்மினா மேசையில் கிடந்த பீங்கானைப் பக்கத்தில் இழுத்தாள்.

"நடு வரிசையப் பாருங்க. படத்துல மூணு, அஞ்சு, எட்டு. இந்தப் பீங்கான்ல மூணு, அஞ்சு, ஏழு."

சுஹறா குனிந்தாள். அறபில் ஏழு என்பது மேலே வாய் திறந்த கோணம். அதைக் கவிழ்த்துப் போட்டால் எட்டு. படத்தில் கவிழ்ந்திருந்தது. கையில் இருந்ததில் நிமிர்ந்திருந்தது.

"கூட்டிப் பார்த்தன்" என்றாள் பஸ்மினா. "இந்தக் கட்டத்துல நேராக் கூட்டினாலும் குறுக்காக் கூட்டினாலும் பதினஞ்சு வரணும். பழசுல அந்த வரிசை பதினாறு. எட்டு ரெண்டு தரம் வருது, ஏழு இல்லவே இல்ல. சீனாக்காரன் தெரியாமக் கவிழ்த்துக் கீறியிருக்கான். இதுல எல்லாம் சரி."

"அதுக்கு?"

"அவர் படத்த வச்சு ஆரும் கள்ளப் பீங்கான் செஞ்சிருந்தா பிழையும் அப்படியே வந்திருக்கும். களவெடுக்கிறவன் பிழையத் திருத்துவானா உம்மா? திருத்தினாத் தெரிஞ்சிருமே."

சுஹறாவின் கையில் இருந்த அகப்பை நின்றது.

"இன்னும் ஒண்டு" என்றாள் பஸ்மினா. "இந்தப் படத்த அவர் ரெண்டு பேருக்குத்தானாம் அனுப்பின. கொழும்பு மனிசனுக்கு ஒண்டு. வாப்பாக்கு ஒண்டு. வாப்பா கேட்டாராம்."

யன்னலுக்கு வெளியே, மாமர நிழலில், அப்துல் ஸமட் கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். மடியில் சிவப்புப் பேனை.

அந்தப் பேனையை ஊரே அறியும். பத்திரிகையில் பிழை இருந்தால் சுழித்துவைப்பார். கடைப் பலகையில் பிழை கண்டால் உள்ளே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். கலியாணக் கார்ட் கொண்டுவந்தவருக்கே அதைத் திருத்தித் திருப்பிக் கொடுத்த மனிதர்.

சுஹறா வேறு சிலவற்றையும் யோசித்தாள். கண் காட்ட என்று இரண்டு தரம் கொழும்புக்குப் போனார். கண்ணாடி பழையதுதான். புது மருந்தும் இல்லை. இரண்டாம் தரம் வரும்போது பயணப்பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். இவள் வாங்கப் போனதற்குத் தள்ளி நின்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தன் கணவரைக் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

வெளியே போய் அவர் முன்னால் நின்றாள். பத்திரிகையைப் பிடுங்கவில்லை. அதன் மேல் பீங்கானை வைத்தாள்.

"பஸ்மினாட வாப்பா. ஏழ நிமித்தினது ஆரு?"

அப்துல் ஸமட் பொய் சொல்லப் பழகாதவர். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"கொழும்புல ஒருத்தர் பீங்கான்ல நிறம் கீறிச் சுட்டுக் குடுக்கிறார்" என்றார் மெதுவாக. "படத்தக் குடுத்து, அந்த ஒரு இடத்த மட்டும் திருத்தி எழுதச் சொன்னன்."

"பழசு எங்க?"

"கடல்ல."

"என்ன?"

"ஆயத்து எழுதினத உடைக்கவும் ஏலா, குப்பையில போடவும் ஏலா. ஒலுவிலுக்குக் கொண்டுபோனன். பூபாலசிங்கம் தெரியுந்தானே, போட் வச்சிருக்கிறவர். துணியில சுத்தி, ஆழத்துல இறக்கி உடச் சொன்னன். அவர் என்னெண்டு கூடக் கேக்கல்ல. சாமி விசயமா மாஸ்டர் எண்டார். ஓம் எண்டன்."

சுஹறா மாமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பிழையான எண் அது, சுஹறா. நான் இவ்வளவு காலமும் பார்க்கல்ல. அது பொம்புளயள்ற சாமான். அண்டைக்கு வெளிச்சத்துலதான் பார்த்தன். கூட்டிப் பார்த்தன். பிழையான கட்டத்துல ஊத்தின தண்ணி நம்மட புள்ளைக்கு ரெண்டு தரம் போயிரிக்கு. ரெண்டு தரமும்..." அவர் முடிக்கவில்லை. "மூணாந்தரமும் அதையே குடுக்கச் சொல்றியா? உன்னட்டச் சொன்னா உடுவியா? உன்ட உம்மாட உம்மா காலத்துல இருந்து ஊருக்கே பிழையாக் குடுத்தீங்க எண்டு எந்த வாயால சொல்ல?"

"என்ட வயித்துக்கும் அந்தத் தண்ணிதான் போன. பஸ்மினா பொறந்தாளா இல்லையா?"

"அது அல்லாஹ்ட நாட்டம்."

"அப்ப போன ரெண்டும் ஆர்ர நாட்டம்? சீனாக்காரன்டயா?"

அறபு ஆசிரியர் சிவப்புப் பேனையின் மூடியைத் திருகினார்.

"அத உடுங்க" என்றாள் சுஹறா. "மருமகன நான் கள்ளன் எண்டன். மேசையில பக்கத்துல இருந்தீங்க. வாயத் தொறந்தீங்களா?"

"நீ அவரச் சொல்லுவாய் எண்டு நான் நினைக்கல்ல."

"சொன்ன பொறவு?"

அப்துல் ஸமட் பத்திரிகையை மடித்தார். அதை விரித்தார். மறுபடியும் மடித்தார்.

"உடுத்திரிக்கிற சாரன மாத்துங்க" என்றாள் அவள். "சம்மாந்துறைக்குப் போறம்."

றிஸ்மியின் தாய் சபியா உம்மா வாசலிலேயே நின்றார். ஓட்டோ வந்த சத்தத்துக்கே வெளியே வந்திருக்க வேண்டும்.

"வாங்க மச்சி, வாங்க. இப்ப என்ன காணல்ல? கரண்டியா?"

சுஹறா தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சு வாங்கிக்கொள்ளத்தானே வந்தது.

உள்ளே றிஸ்மி சாய்கதிரையில் இருந்தான். மாமாவைக் கண்டதும் எழும்பினான். மாமியைக் கண்டு முகத்தைத் திருப்பினான். தேத்தண்ணி வரவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

அப்துல் ஸமட் தொண்டையைச் செருமினார். "மருமகன், ஒன்பது கட்டம் எண்டால் அதுல ஒரு கணக்கு இரிக்கு. எந்தப் பக்கம் கூட்டினாலும்..."

"பாடம் வேணாம்" என்றாள் சுஹறா. "செஞ்சதச் சொல்லுங்க."

அவர் சபியா உம்மாவைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "நான்தான் மாத்தினன். பழச நான்தான் கடல்ல போட்டன். உங்கள மாமி கேக்கக்குள்ள நான் பேசாம இருந்தன்."

"அல்லாஹ்!" என்றார் சபியா உம்மா. கொஞ்சம் சந்தோசமும் கலந்திருந்தது அந்தச் சத்தத்தில். "மாஸ்டர், நீங்களா?"

றிஸ்மி மாமாவை விட்டுவிட்டு மாமியின் பக்கம் திரும்பினான்.

"மாமி, ஒரு கேள்வி. வீட்டுல நாலு பேர். கள்ளன் எண்டு நினைச்ச உடன என்ட முகம் மட்டும் ஏன் வந்த?"

சுஹறாவுக்கு நல்ல பதில்கள் இருந்தன. கொழும்பு மனிசன், படலையடிக் கதை, பெட்டி. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. அவள் அவற்றை விழுங்கினாள்.

"நீங்க வந்த ஆள். அதுதான்" என்றாள். "வேற ஒண்டும் இல்ல."

றிஸ்மி மறுபடியும் சாய்கதிரையில் இருந்தான்.

"வெலைக்குக் கேட்டத நானும் ஒளிச்சிருக்கக் கூடா" என்றான் றிஸ்மி. "அது என்ட பிழை."

சபியா உம்மா மட்டும் விடவில்லை. "எல்லாம் சரி மச்சி. ஒரு விசயம் எனக்கு விளங்கல்ல. அந்த வீடு ஆர்ர பேருல?"

"பஸ்மினாட பேருல."

"நிக்காஹ்வுக்கு முன்னமே எழுதிக் குடுத்தீங்க என்ன? நானும் வீட்டு உறுதிப் பத்திரத்தப் பார்த்தன். அப்ப என்ட மகன அந்த வீட்டுல சோறு தின்ன வேணாம் எண்டு சொல்ல நீங்க ஆரு? பஸ்மினா சொன்னாளா?"

சுஹறா முக்காட்டை இழுத்துவிட்டாள். இந்த ஊர்களில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விசயம்தான். மகளுக்குக் கொடுத்த வீட்டில் தாய் தகப்பன் இருப்பது மகள் வைத்திருப்பதால். நாலு வருடமாகச் சாவியும் அடுப்பும் தன் கையில் இருந்ததால் அவள் அதை மறந்துபோயிருந்தாள்.

றிஸ்மி ஹெல்மெட்டை எடுத்தான். "பஸ்மினா கூப்பிட்டவ. காலையிலயே. நான் வாறன் எண்டு சொல்லியாச்சு" என்றான். "நீங்க வராட்டியும் நான் போயிருப்பன் மாமி."

அவன் முன்னால் போனான். ஓட்டோவில் இவர்கள் பின்னால் போனார்கள். வழியில் அப்துல் ஸமட் ஒரு தரம், "பெரிய பிழை செஞ்சிட்டன் சுஹறா" என்றார். அவள் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கல்முனைக்குடியில் இறங்கும்போது பின்னேர அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிள் படலைக்குள் நின்றது. முன்வீட்டுக்காரி வேலியடியில் நின்றாள், இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

பஸ்மினா வாசலில் நின்றாள். உம்மாவைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஆனால் அளந்து பார்க்கும் பார்வை. கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள், இனி என்ன எடுப்பார்கள் என்று கேட்கும் பார்வை.

"நாளைக்கி ஆக்கள் வரவேணாம் எண்டு சொல்லிட்டன்" என்றாள். "பழசும் வேணாம், புதுசும் வேணாம். என்ட புள்ளைக்கு நானும் அவரும் துஆக் கேப்பம்."

"மகள், நான்..." என்றாள் சுஹறா.

"வாங்க உம்மா. வாப்பா, வாங்க. உள்ளுக்கு வந்து இரிங்க. தேத்தண்ணி போடுறன்."

விருந்தாளிகளிடம் சொல்லும் குரல் அது. நாலு வருடமாக அந்த அடுப்பில் தேத்தண்ணி போட்டது சுஹறாதான்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மண்டபத்துக்குள் போய், எந்தக் கதிரையில் இருக்கலாம் என்று தெரியாமல் நின்றாள். றிஸ்மி ஒன்றை இழுத்துப் போட்டான். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள்.